தீக்குத் தப்பிய லிசடெல், கோப்புக்குத் தப்பவில்லை

அயர்லாந்தின் பழைய நிலக்கிழார் மாளிகைகளைப் பற்றிப் பேச்சு எடுத்தால் கதை பெரும்பாலும் தீயில்தான் போய் முடியும். 1920 முதல் 1923 வரை, முதலில் விடுதலைப் போர், அப்புறம் உள்நாட்டுப் போர், இரண்டிலுமாக முந்நூறுக்குக் கொஞ்சம் குறைவான மாளிகைகள் கொளுத்தப்பட்டன. மேற்குக் கடற்கரையை மட்டும் பார்த்தாலே கால்வேயில் டைரோன் ஹவுஸ் 1920ல் போனது, கார்க் கடலோரத்து டன்பாய் 1921ல், கனெமாராவில் ரென்வைல் 1923ல். கரையிலிருந்து சற்று உள்ளே, மேயோவில் மூர் ஹாலும் அதே 1923ல்.

ஸ்லைகோ கவுண்டியின் (நம் மாவட்டம் போன்ற பிரிவு) லிசடெல் மாளிகை இந்தப் பட்டியலில் இல்லை. அந்த நான்கு வருடத்தையும் அது எரியாமல் தாண்டியது. ஆனால் அடுத்த ஐம்பது வருடத்தில், யாரும் தீக்குச்சி கிழிக்காமலேயே, மரங்கள் போய், மாடுகள் போய், நிலம் போய், கூரை ஒழுகி, கிட்டத்தட்ட முடிந்துபோகும் நிலைக்கு வந்தது. போரில் பிழைத்த வீடு அமைதிக் காலத்தில் ஏன் சாய்ந்தது என்பதுதான் இங்கே கேள்வி. லிசடெல் என்றால் எல்லாரும் உடனே கவிஞர் யேட்ஸையும் அவர் பாடிய இந்த வீட்டுச் சகோதரிகள் இருவரையும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள், அதனால் இந்தக் கேள்வியை யாரும் பெரிதாகக் கேட்பதில்லை. என் பார்வையில், வீட்டின் தலையெழுத்தை எழுதியவர்கள் அந்தச் சகோதரிகள் இல்லை. ஒரு நிலச் சட்டமும், நோய்வாய்ப்பட்ட ஒரு வாரிசும், அந்த வாரிசின் சொத்தைப் பார்த்துக்கொள்ள வந்த ஓர் அலுவலகமும்தான்.

வீடும் குத்தகையும்

இடத்தை முதலில் பார்த்துவிடலாம். ஸ்லைகோ நகரத்துக்கு வடக்கே டிரம்கிளிஃப் விரிகுடாவின் கரை. பின்னால் மேசை போலத் தட்டையான பென் புல்பன் மலை, தெற்கே தண்ணீருக்கு அப்பால் நாக்னரே குன்று. வீட்டைக் கட்டியவர் நான்காவது பாரனெட் (வாரிசு வழியாக வரும் பிரிட்டிஷ் பட்டம்) சர் ராபர்ட் கோர்-பூத், காலம் 1830 முதல் 1835 வரை, வரைந்தவர் ஃபிரான்சிஸ் குட்வின் என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர். கிரேக்க பாணி என்று பெயர், ஆனால் வெளியிலிருந்து பார்த்தால் அலங்காரமே இல்லாத சாம்பல் நிறச் சுண்ணாம்புக்கல் பெட்டிதான். உள்ளே போனால்தான் பணம் தெரியும்: மேலிருந்து வெளிச்சம் விழும் உயரமான கூடம், ஒரு பக்கம் ஒரு வகைத் தூண், மறுபக்கம் வேறு வகை, கருப்பு மார்பிள் படிக்கட்டு, விளக்குகளுக்கு வீட்டுக்கென்றே தனி எரிவாயு.

இத்தனைக்கும் காசு வந்தது குத்தகையில். 1870களில் குடும்பத்தின் கையில் ஏறத்தாழ 32,000 ஏக்கர் இருந்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் வீடு அந்த அளவு வருமானத்துக்கு ஏற்றபடி கட்டப்பட்டது, வருமானம் குறைந்தால் வீடும் சேர்ந்து சுருங்கிக்கொள்ளப் போவதில்லை.

சர் ராபர்ட்டைப் பற்றி ஊரில் இரண்டு நினைவுகள் உண்டு, இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டாது. வீடு எழும்பிக்கொண்டிருந்த அதே 1830களில் பக்கத்துப் பாலிகில்கன் நிலத்திலிருந்து குத்தகைக் குடும்பங்களை அவர் அப்புறப்படுத்தினார். அவர்களில் சிலரை ஏற்றிய கப்பல் கடலில் மூழ்கியது என்று ஒரு கதை தலைமுறைகளாக உலவுகிறது. ஆவணங்களில் அதற்கு ஆதாரம் இல்லை, ஆனால் கதை மட்டும் சாகவில்லை. மறுபக்கம், 1845க்குப் பிறகு வந்த பெரும் பஞ்சத்தில் அவர் சொத்தை அடகு வைத்துக் கஞ்சி ஊற்றினார் என்ற நினைவு. 1847ல் நூற்றுக்கணக்கான குத்தகைதாரர்களைத் தன் செலவில் கப்பலேற்றி நியூ பிரன்ஸ்விக்கின் செயின்ட் ஜானுக்கு அனுப்பினார், அடுத்த வருடம் லண்டனில் பிரபுக்கள் சபைக் குழுவின் முன்னால் அதற்கு விளக்கமும் சொன்னார். அது இரக்கமா, நிலத்தைக் காலி பண்ணும் வழியா? இரண்டும் என்றுதான் நான் படிக்கிறேன். பஞ்ச காலத்தில் குத்தகை வராத குடும்பத்தை வைத்துக்கொண்டு அதன் பேரில் ஏழை வரி கட்டுவதைவிட ஒரு தடவை கப்பல் கட்டணம் கொடுத்துவிடுவது மலிவு, இந்தக் கணக்கு அன்றைய நிலக்கிழார் எல்லாருக்கும் தெரியும். அண்டை எஸ்டேட்காரரான பால்மர்ஸ்டன் பிரபுவும் அதே வருடம் அதே துறைமுகத்துக்கு ஆட்களை அனுப்பினார்.

(பால்மர்ஸ்டனின் நிலம் முல்லாமோர் பக்கம். அங்கே அவர் தொடங்கிய கிளாசிபான் மாளிகைதான் பிற்பாடு இந்தியாவின் கடைசி வைஸ்ராய் மவுண்ட்பேட்டனின் கோடை வீடானது. 1979 ஆகஸ்ட் 27ல் அவருடைய படகில் குண்டு வெடித்ததும் அந்தக் கரையில்தான். அது தனியாக எழுத வேண்டிய கதை.)

இருந்தவர்கள்

ராபர்ட்டுக்குப் பின் மகன் சர் ஹென்றி. இவருக்கு ஆர்க்டிக் பித்து. 1882ல் காரா என்ற கப்பலில், ஃபிரான்ஸ் ஜோசஃப் தீவுக்கூட்டத்தில் காணாமல் போன லீ ஸ்மித் என்ற பயணியைத் தேடிக் கிளம்பினார். கூடவே போனவர் வீட்டின் தலைமைப் பணியாளர் தாமஸ் கில்காலன். எஜமானுக்குச் சாப்பாட்டு மேசையில் பரிமாறுகிறவர் பனிக்கடலில் துப்பாக்கி ஏந்தி நின்றவராகவும் இருந்தார். இந்தக் கில்காலனின் முழு உருவமும் இன்றும் சாப்பாட்டு அறையில் இருக்கிறது. குடும்பத்து மருமகன் காசிமிர் மார்க்கியவிச், போலந்து ஓவியர், 1908 வாக்கில் சுவர்த் தூண்கள் மேலேயே நேரடியாகத் தீட்டிய உருவங்களில் அதுவும் ஒன்று. கில்காலனோடு வேட்டைக் காவலரும் மரக்காட்டைப் பார்த்துக்கொண்டவரும் அதே சுவரில் ஏறியிருக்கிறார்கள். இப்படிப்பட்ட வீடுகளில் எண்ணெய்ச் சாய ஓவியம் என்றால் எஜமான் குடும்பத்துக்கு மட்டும்தான். இங்கே வேலைக்காரர்களும் ஆள் உயரத்தில் நிற்கிறார்கள், அதுவும் கழற்றி எடுத்து விற்க முடியாத இடத்தில். பிற்பாடு வீட்டுப் பொருட்கள் ஏலம் போனபோது இவர்கள் மட்டும் ஏலத்துக்குப் போகாததற்குக் காரணம் அதுதான்.

ஹென்றிக்கு ஐந்து பிள்ளைகள். மூத்தவர் கான்ஸ்டன்ஸ், பிறப்பு 1868, லண்டனில். அடுத்தவர் ஜாஸ்லின், 1869. அப்புறம் ஈவா, 1870, லிசடெல்லிலேயே. பின்னால் மேபல், மார்டன்ட்.

கான்ஸ்டன்ஸின் வாழ்க்கை தெரிந்ததுதான், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். லண்டனிலும் பாரிஸிலும் ஓவியம் படித்து, 1900ல் காசிமிரை மணந்து, 1909ல் ஃபியன்னா என்ற இளைஞர் படையை உருவாக்கி, 1913 டப்ளின் கதவடைப்பில் தொழிலாளர் குடும்பங்களுக்குச் சூப் காய்ச்சி, பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 ஈஸ்டர் எழுச்சியில் செயின்ட் ஸ்டீஃபன்ஸ் கிரீனில் துப்பாக்கியோடு நின்றார். மரண தண்டனை விதித்து, பெண் என்பதால் ஆயுளாகக் குறைத்தார்கள். 1918 டிசம்பரில் சிறைக்குள் இருந்தபடியே பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குத் தேர்வான முதல் பெண் ஆனார், அந்த நாற்காலியில் போய் உட்காரவில்லை. 1919ல் புதிய அயர்லாந்தின் தொழிலாளர் அமைச்சர். 1927ல் டப்ளின் மருத்துவமனை ஒன்றின் பொது வார்டில் இறந்தார். ஈவா வேறு வழியில் போனார். 1896ல் இத்தாலியில் எஸ்தர் ரோப்பரைச் சந்தித்து, மான்செஸ்டருக்குக் குடிபெயர்ந்து, ஆலைப் பெண்களுக்கும் மதுக்கடையில் வேலை செய்த பெண்களுக்கும் ஆதரவாக வாழ்நாள் முழுக்க உழைத்துவிட்டு 1926ல் போய்ச் சேர்ந்தார்.

யேட்ஸ் இங்கே வந்து தங்கியது 1894-95 குளிர்காலத்தில். சகோதரிகள் இருவரும் போன பிறகு அவர் எழுதிய கவிதைதான் லிசடெல்லைப் பாடப்புத்தகத்தில் ஏற்றியது. எனக்கு அந்தக் கவிதை மேல் ஒரு மனத்தாங்கல் உண்டு. தெற்குப் பார்த்த ஜன்னலும் இரண்டு இளம்பெண்களுமாகப் படம் அவ்வளவு அழகாகப் பதிந்துவிட்டதில், அதே வீட்டில் ஐம்பது வருடம் கணக்குப் பார்த்து, பால் நிலையம் வைத்து, பூச்செடி விற்றுக்கொண்டிருந்த அவர்களுடைய சகோதரன் யார் கண்ணிலும் படுவதில்லை.

ஜாஸ்லின் செய்த காரியம்

ஹென்றி 1900ல் இறந்ததும் ஜாஸ்லின் ஆறாவது பாரனெட் ஆனார். அதற்கு முன்பே ஹொரஸ் பிளங்கெட்டின் கூட்டுறவு இயக்கத்தில் இறங்கி, 1895ல் டிரம்கிளிஃபில் விவசாயிகள் கூட்டுறவுப் பால் நிலையம் தொடங்குவதற்கு முன்னின்றவர். 1903ல் விண்டம் நிலச் சட்டம் வந்தது: குத்தகைதாரர் நிலத்தை வாங்கலாம், பணத்தை அரசு முன்கூட்டிக் கொடுக்கும், அவர்கள் 68 வருடத்துக்கும் மேல் தவணை கட்டித் தீர்க்கலாம், விற்கும் நிலக்கிழாருக்கு விலைக்கு மேல் நூற்றுக்கு 12 ஊக்கத்தொகை. மற்றவர்கள் யோசித்துக்கொண்டிருந்தபோதே ஜாஸ்லின் விற்றுவிட்டார், ஏறத்தாழ 28,000 ஏக்கர்.

இது நல்ல மனதா, நல்ல வியாபாரமா என்று பிரித்துப் பார்ப்பது வீண் வேலை. விளைவு என்ன என்று பார்ப்போம். ஒன்று, சுற்றுவட்டாரத்தில் யாரும் அவருடைய குத்தகைதாரர் இல்லை என்றாகிவிட்டது. இரண்டு, வீட்டுக்கு அடியில் இருந்த வருமானம் போய்விட்டது.

வீடு ஏன் எரியவில்லை என்பதற்கு நான் முதல் விளைவைத்தான் காரணமாகச் சொல்வேன். கான்ஸ்டன்ஸ் வளர்ந்த வீடு என்பதால் யாரும் தொடவில்லை என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறார்கள். அதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம்: 1923ல் மாளிகைகளைக் கொளுத்தியவர்கள் பிரிட்டனோடு 1921ல் செய்த ஒப்பந்தத்தையும் அதில் பிறந்த புதிய அரசையும் எதிர்த்த தரப்பு, கான்ஸ்டன்ஸும் அதே தரப்பு. ஆனால் தேசியவாதிகளின் வீடு என்பது எங்கும் கவசமாக இருக்கவில்லை. ரென்வைல் ஆலிவர் கோகர்ட்டியின் வீடு, மூர் ஹால் மாரிஸ் மூரின் குடும்ப வீடு. இருவருமே தேசியவாதிகள்தான், ஆனால் புதிய அரசின் செனட்டில் உறுப்பினர்கள், வீடு எரிந்ததற்கு அதுவே போதுமான காரணமாக இருந்தது. ஜாஸ்லின் செனட்டர் இல்லை. அவர் பேரில் தீராத நிலப் பகையும் இல்லை, நிலம்தான் ஏற்கனவே கை மாறியாயிற்றே. அக்காவின் அரசியல் அவருக்கு ஒத்துவராது, ஆனாலும் அக்கா சிறையில் இருந்தபோது பண விஷயங்களைப் பார்த்துக்கொண்டவர் அவர்தான். குடும்பத்தின் காகிதக் கட்டுகள் பெல்ஃபாஸ்ட் பொது ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. கான்ஸ்டன்ஸைத் தேடிப் போகிறவர்கள் ஜாஸ்லினையும் அங்கே நிறையவே பார்க்கலாம்.

இரண்டாவது விளைவைச் சமாளிக்க அவர் தோட்டத்தில் இறங்கினார். டாஃபடில் கிழங்குகள், மலைச்செடி நாற்றங்கால், லிசடெல்லிலேயே கலப்பினமாக உருவாக்கிய ப்ரிமுலா பூச்செடி வகைகள். ‘ரெட் ஹியூ’, ‘ஆஸ்தோர்’ என்ற பெயர்கள் செடிப் பித்தர்களுக்கு இன்றும் தெரியும். அதாவது குத்தகையில் நின்ற வீட்டை உற்பத்தியில் நிற்கும் வீடாக மாற்றப் பார்த்தார். மாற்றவும் செய்தார். ஆனால் குத்தகை என்பது எஜமான் தூங்கினாலும் வரும். நாற்றங்காலும் பண்ணையும் அப்படி இல்லை, தினமும் முன்னால் நின்று நடத்த ஒரு கெட்டிக்காரர் வேண்டும். எல்லாம் அந்த ஓர் ஆளின் மேல் வந்து நின்றது.

1944க்குப் பிறகு

அந்த ஆள் 1944ல் இறந்தார். நான்கு மகன்களில் நடுவில் இருவர், பிரையனும் ஹியூவும், இரண்டாம் உலகப் போரில் ஏற்கனவே போயிருந்தார்கள். ஒருவர் கடற்படையில், இன்னொருவர் 1943ல் லெரோஸ் தீவுச் சண்டையில். பட்டமும் சொத்தும் வந்தது மூத்தவர் மைக்கேலுக்கு. அவருக்கு மனநோய், நிர்வாகம் செய்ய முடியாத நிலை. அதனால் நீதிமன்றப் பாதுகாவலில் வைக்கப்பட்டார்.

இந்த ஏற்பாடு எப்படி வேலை செய்தது என்று புரிந்தால்தான் அடுத்து நடந்தது புரியும். அடிப்படை 1871ம் வருடச் சட்டம். தன் காரியத்தைத் தானே பார்க்க முடியாதவர் என்று நீதிமன்றம் முடிவு செய்தால், அவருடைய ஆளும் சொத்தும் நீதிமன்றத்தின் பொறுப்பு. நடைமுறையில் அதற்கென உள்ள அலுவலகமும் அது நியமிக்கும் ஆளும் பார்த்துக்கொள்வார்கள். அவர்கள் பார்க்க வேண்டியது அந்த ஒருவரின் நலன், அதுவும் பெரும்பாலும் அவருடைய பணம். கூடப் பிறந்தவர்கள் அதே வீட்டில் வாழ்கிறார்களா, பண்ணையில் எத்தனை குடும்பம் பிழைக்கிறது, காட்டில் இருக்கும் மரம் யார் தாத்தா நட்டது, இதெல்லாம் அந்தக் கணக்குப் புத்தகத்தில் பத்தியாகவே கிடையாது.

முதலில் தங்கை காப்ரியேல் எஸ்டேட்டை நடத்தினார். தந்தை இறந்தபோது இருபதுகளின் நடுவில் இருந்த பெண், காட்டையும் பண்ணையையும் தெரிந்தவர். பிறகு அலுவலகத்துக்கும் அவருக்கும் உரசல் வந்து, நிர்வாகம் அவர் கையிலிருந்து எடுக்கப்பட்டது. 1950களிலிருந்து நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னால்: மரம் வெட்டி விற்கப்பட்டது, மாடுகள் ஏலம் போயின, சகோதரிகள் எதிர்த்தார்கள், வழக்குப் போட்டார்கள், விவகாரம் செனட் வரை பேசப்பட்டது, எதுவும் நிற்கவில்லை. பிறகு, நிலத்தை எடுத்துப் பிரித்துக் கொடுக்கும் அரசின் நில ஆணையமும் எஞ்சிய நிலத்தில் பெரும்பங்கை எடுத்துக்கொள்ள, கடைசியில் வீட்டைச் சுற்றி 400 ஏக்கர் போலத்தான் மிஞ்சியது.

இதில் ஒரு வில்லனைத் தேடுவது சுலபம், நிறையப் பேர் தேடியும் இருக்கிறார்கள். எனக்கு அது பாதிப் பதிலாகத்தான் படுகிறது. நஷ்டத்தில் ஓடும் பண்ணை, ஒழுகும் கூரை, நோயாளியான உரிமையாளர் என்று ஒரு கோப்பு மேசைக்கு வந்தால், விற்கக்கூடியதை விற்றுக் கணக்கை நேராக்குவதுதான் அந்தச் சட்டத்துக்குள் பொறுப்பான செயல். மரம் ஒரு முறைதான் விற்கும், நாற்றங்கால் வருடா வருடம் விற்கும் என்று யோசிக்க அந்த மேசையில் யாருக்கும் அதிகாரமும் இல்லை, காரணமும் இல்லை. காப்ரியேலுக்கு அந்த யோசனை இருந்தது. சட்டத்தின் கண்ணில் அவர் உரிமையாளரின் தங்கை, அவ்வளவுதான். 1916ல் துப்பாக்கி ஏந்திய அத்தை பிறந்த அதே குடும்பத்தில், சுதந்திர அயர்லாந்தில், வேலை தெரிந்த பெண்ணை ஒதுக்கிவிட்டு வேலை தெரியாத மேசை முடிவெடுத்தது என்பதைச் சொல்லாமல் விட முடியவில்லை.

காப்ரியேல் 1973ல் இறந்தார். சகோதரி ஏய்டீன், வீட்டின் சில அறைகளில் வாழ்ந்துகொண்டே, கதவைத் தட்டி வரும் யேட்ஸ் ரசிகர்களுக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு கூடத்தைச் சுற்றிக் காட்டினார், 1994ல் தான் இறக்கும் வரை. வந்தவர்கள் கவிதையில் வரும் ஜன்னலைக் கேட்டிருப்பார்கள், கூரையைப் பற்றி எத்தனை பேர் கேட்டார்களோ.

அந்த 1871ம் வருடச் சட்டமும் பாதுகாவல் முறையும் 2015ல் இயற்றிய புதிய சட்டத்தால்தான் மாற்றப்பட்டன, அதுவும் நடைமுறைக்கு வந்தது 2023 ஏப்ரலில்.

விற்பனையும் பாதைகளும்

2003ல் ஒன்பதாவது பாரனெட் வீட்டை விற்பனைக்கு வைத்தார். அரசே வாங்க வேண்டும் என்று பலமான குரல் எழுந்தது, அரசு வாங்கவில்லை. ஒரு வழக்கறிஞர் தம்பதி ஏறத்தாழ 40 லட்சம் யூரோவுக்கு வாங்கினார்கள். அதே நவம்பரில் வீட்டுப் பொருட்கள் ஏலம் போயின, புதியவர்களும் சிலவற்றை வாங்கி உள்ளேயே வைத்துக்கொண்டார்கள். கூரை, சுவர், தோட்டம் என்று பெரிய பழுதுபார்ப்பு நடந்தது. பொதுமக்களுக்கும் திறந்துவிட்டார்கள்.

அப்புறம் 2008 டிசம்பரில் கவுண்டி கவுன்சில் ஒரு தீர்மானம் போட்டது: எஸ்டேட்டுக்குள் ஓடும் பாதைகளில் பொதுமக்களுக்கு வழியுரிமை உண்டு, அதை வளர்ச்சித் திட்டத்தில் சேர்க்க வேண்டும். உரிமையாளர்கள் நீதிமன்றம் போனார்கள், வாசலையும் அடைத்தார்கள். 2010 கோடையில் பாடகர் லெனார்ட் கோஹன் அங்கே இரண்டு இரவு பாடினார், அந்த டிசம்பரில் உயர் நீதிமன்றம் கவுன்சிலுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. 2013 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு பகுதியைத் தவிர மற்றதைப் புரட்டிப் போட்டது.

சட்டப் புள்ளி இது: எத்தனை தலைமுறை நடந்தாலும் நடந்ததே உரிமை ஆகாது. நிலத்துக்குச் சொந்தக்காரர் அந்தப் பாதையைப் பொதுவுக்கு ஒப்படைக்கும் எண்ணத்தோடு விட்டார் என்று காட்ட வேண்டும். நல்ல அண்டை வீட்டார் என்ற முறையில் ‘போய்க்கோ’ என்று விட்டிருந்தால் அது பெருந்தன்மை, ஒப்படைப்பு இல்லை. ஊர் மக்களுக்கு இது கசந்ததில் ஆச்சரியமில்லை. கடற்கரைக்கும் கோயிலுக்கும் தாத்தா காலத்திலிருந்து நடந்த பாதை என்று சாட்சி சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் எதிர்ப்பக்க நியாயமும் கனமானது: பெருந்தன்மையைச் சட்டம் உரிமையாக மாற்றிவிட்டால் மறுநாளே அயர்லாந்து முழுக்க வாசல்கள் மூடப்படும், அந்த நாட்டில் பிறர் நிலத்தில் உலாவும் பொது உரிமை கிடையாது. நான் தீர்ப்போடு உடன்படுகிறேன், வழக்கோடு உடன்படவில்லை. ஒரு வருடம் மேசையில் உட்கார்ந்து பேசியிருந்தால் பெரும்பாலான பாதைகளுக்கு ஒப்பந்தம் கிடைத்திருக்கும் என்பது என் அபிப்பிராயம். அதற்குப் பதில் பல மில்லியன் யூரோ வழக்குச் செலவு, அதில் பெரும்பகுதி கடனில் இருந்த ஒரு கவுன்சிலின் தலையில். 40 லட்சத்துக்கு வீடே வேண்டாம் என்ற பொதுப்பணம், அதன் பாதைக்காக நீதிமன்றத்தில் கரைந்தது.

தீர்ப்புக்குப் பிறகு 2014ல் வீடு மறுபடி திறந்தது, கட்டணம் கட்டிப் பார்க்கலாம். போகிறவர்கள் பாலிகில்கன் வயலையும் பார்த்துவிட்டு வரலாம், அதற்குக் கட்டணம் இல்லை. 1830களில் சர் ராபர்ட் ஆட்களை வெளியேற்றிய அந்த நிலம் இப்போது அரசின் இயற்கைக் காப்பிடம். கிரீன்லாந்திலிருந்து வரும் பார்னக்கிள் வாத்துகள் ஆயிரக்கணக்கில் அக்டோபரில் இறங்கி ஏப்ரல் வரை மேய்கின்றன.